மருமகன் காய்ச்சிய லக்சா

பினாங்கிலிருந்து ஊருக்கு வந்து ஒன்றரை மாதத்துக்குள் ஒரே பொய்யை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில், சலூன் கதிரையில், கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம், கேட்ட எல்லோரிடமும் "இனிப் போறல்ல, வந்திட்டன்" என்றேன். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னை உள்ளுக்குள் போட்டு அரித்தது.

உண்மை இதுதான். அங்கே பதினொரு வருஷம் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் முதலாளி, பக்கத்துக் கடையையும் சேர்த்து இடத்தைப் பெரிதாக்குகிறார். லக்சாச் சட்டிக்குத் திரும்பவும் நான் வேண்டுமாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். நான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவன் மாதிரி எங்கள் ஊர் சாய்ந்தமருதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

காலையில் கடற்கரைக்குப் போவேன். தோணி கரை சேர்ந்து மீனை இறக்குவதற்குள் சலித்துவிடும். மோட்டார் சைக்கிளைத் திருப்பி நற்பிட்டிமுனைப் பக்கம் போய் வயலைப் பார்ப்பேன். வயல் எனக்கு என்ன சொல்லும்? ஒரு வேலையும் இல்லாமல் சம்மாந்துறைக்குப் போய், நெல் மூட்டை ஏற்றிய ட்ராக்டருக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஊர்ந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவேன். பெற்றோல் அடிக்கிறவர் என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

கால் ஓடியது ஒரு பக்கம், நாக்கு ஓடியது இன்னொரு பக்கம். பினாங்கில் விடியப்புறம் வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக் வாங்குவேன். தேங்காய்ப் பாலில் வாசனைக்கு ரம்பை இலை போட்டு ஆக்கிய சோறு, மேலே இனிப்பும் உறைப்புமாக ஒரு சம்பல், பொரித்த நெத்தலி, அரை முட்டை. நின்றபடியே தின்று முடித்துவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் வேர்த்து வழிகிற நேரம் தெருமுனையில் செண்டோல். பச்சை நிறத்தில் புழுப் புழுவாக மாவு, துருவிய ஐஸ், தேங்காய்ப் பால், மேலே ஊற்றுகிற கருப்பட்டிப் பாணி. முதல் தடவை பார்த்தபோது இதை மனிதன் தின்பானா என்று நினைத்தேன். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை. எந்த நேரமும் யாரோ எதையோ வதக்குகிற வாசனை. ஒரு கடையில் தின்று கை துடைப்பதற்குள் அடுத்த கடை கூப்பிடும். எனக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் அது இல்லை, எனக்கும் உட்காரத் தெரியாது.

லக்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனை அவித்து முள் எடுத்து உதிர்த்து, புளியும் கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்கிற மிளகாயும் அரைத்துப் போட்டுக் கொதிக்க வைத்த குழம்பு. அதைத் தடித்த அரிசி நூலின் மேல் ஊற்றி, வெங்காயம், அன்னாசி, வெள்ளரிக்காய், புதினா தூவிக் கொடுப்பது. புளிப்பு தாடையைப் பிடித்து இழுக்கும். மூன்று வருஷம் அந்தக் கடையில் கோப்பை கழுவினேன். நாலாம் வருஷம் கரண்டி என் கைக்கு வந்தது. அதன் பிறகு என் கையை மீறி அந்தச் சட்டியை யாரும் தொட்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன்.

ஊரில் அந்தக் கைக்கு வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது. அவளுடைய உம்மா, என் மாமி, அதே வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார், ஆனால் மருமகனின் வயிறு அவருடைய பொறுப்பு. சோற்றுக்கு ஊற்றுகிற ஆணம் அங்கிருந்து மூடி வரும். கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி எனக்கு முன்னால் நின்று கதைத்ததில்லை. கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு மகள்" என்பார். மருமகன் குசினிக்குள் கால் வைப்பது இல்லை. வைத்தால், அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குச் சோறு இல்லை என்று தெருவில் கதை போகும். எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் செய்தேன். அந்தக் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, மருதமுனையில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மாமியும் மனைவியும் பார்க்கப் போனார்கள். எனக்குச் சோறும் மீன் ஆணமும் மேசையில் மூடி வைத்திருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கும்பளா மீன் ஒரு கிலோ, அன்னாசி, புதினா, சவ்வரிசி, கித்துள் கருப்பட்டி எல்லாம் வாங்கி வந்தேன். பெட்டிக்குள் ஐந்து பொலித்தீன் பையில் சுற்றி ஒளித்து வைத்திருந்த பெலாச்சானை வெளியே எடுத்தேன். நம்முடைய கூனி இறாலை உப்புப் போட்டு ஊற வைத்து இடித்துக் கட்டியாக்கினால் அதுதான் பெலாச்சான். நெருப்பில் வாட்ட வேண்டும். வாட்டினால் வருகிற நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது, ஆனால் பழகினவனுக்கு வாயூறும்.

நான் மறந்தே போயிருந்த சந்தோஷம் அன்றைக்கு வந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவினேன். மாவைக் குழைத்து, மாமியின் இடியப்ப உரலில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் நேரே பிழிந்தேன். லக்சா நூல் அப்படித்தான். பினாங்குப் புளி இல்லை, இங்கே மீனுக்குப் போடுகிற கொறுக்காப்புளி போட்டேன், ஏறத்தாழ அதே புளிப்பு. அங்கே தின்கிற இனிப்புக்காகச் சவ்வரிசியை அவித்து, ரம்பை போட்ட தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாணியும் தனித்தனியாகக் காய்ச்சி வைத்தேன். ஒரு பிழையும் இல்லை. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக என் கால் ஒரே இடத்தில் நின்றது.

மதிலுக்கு மேலால் ஒரு முக்காடு தெரிந்தது. பக்கத்து வீட்டு ராத்தா.

"என்ன தம்பி, ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி வாட வருகுது? ஊட்டுல ஆக்கள் இல்லையா?"

"இல்ல ராத்தா. நான்தான் சமைக்கிறன்."

அவர் என் கையிலிருந்த இடியப்ப உரலைப் பார்த்தார், கொதிக்கிற பானையைப் பார்த்தார். "அல்லாஹ்வே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அரை மணித்தியாலத்தில் மூன்று வீட்டிலிருந்து மூன்று பீங்கான் வந்தது. துணியால் மூடி, சோறும் கோழி ஆணமும், சோறும் இறாலும், ஒன்றில் பொரித்த முட்டையும் கூட. மாப்பிள்ளை பட்டினி கிடந்து தானே அடுப்பு மூட்டுகிறார் என்று தெரு முடிவு செய்துவிட்டது. நான் மறுக்கவும் ஏலாது. வந்த சோற்றைத் திருப்பி அனுப்பினால் கோபம். இதோடு விட்டிருந்தால் சிரித்துத் தப்பியிருக்கலாம். ஆனால் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இல்லையே! மூன்று பீங்கானையும் கழுவி, ஒவ்வொன்றிலும் லக்சாவை வார்த்து, சவ்வரிசியைத் தனிக் கோப்பையில் வைத்து, அதே துணியால் மூடி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருமையாகக் கொடுத்தேன். மருமகன் சமைத்தான் என்பதற்கு மூன்று வீட்டில் சாட்சி வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மாமியும் மனைவியும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலேயே கதை அவர்களை மறித்திருக்கிறது. லக்சாவை ஒரு வீட்டில் பூனைக்கு வைத்தார்களாம், பூனையும் யோசித்ததாம். சவ்வரிசிக்கு மட்டும் சண்டை நடந்ததாம். மாமி நேரே பின் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி, மூடி வைத்த சோறு மேசையில் அப்படியே இருந்ததைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் தொடங்கியது தண்டனை. மத்தியானம் ஆறு ஆணம். கோழி, மாட்டிறைச்சி, கணவாய், இறால், பருப்பு, கத்தரிக்காய்ப் பால் ஆணம். வழமையாகப் பின்வாசலால் வருகிற பீங்கான், அன்றைக்கு வளவைச் சுற்றி, தெருவழியாக, முன்வாசலால் வந்தது. ஊர் பார்க்கட்டும் என்றுதான். இரவைக்கு ஐந்து. புதன்கிழமை மத்தியானம் திரும்பவும் ஆறு. சீலைக்குப் பின்னால் சத்தமே இல்லை. நான் அந்த ஆறுக்கு நடுவில் உட்கார்ந்து, மூச்சு முட்ட, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு விழுங்கினேன். எனக்குக் கோபம் வந்தது. மாமியின் மேலா, தெருவின் மேலா, என் மேலா, தெரியவில்லை. கை கழுவினதும் கிணற்றடிக்குப் போய் முதலாளிக்குப் போன் எடுத்தேன். "வாறன்" என்றேன். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை.

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அன்றைக்கும் சம்மாந்துறைக்குப் போய் வந்தேன்.

வியாழக்கிழமை காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சீலை விலகியது. மாமி உள்ளே வந்து எனக்கு முன்னால் நின்றார். நான் எழும்பிவிட்டேன். அத்தனை கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் மனைவியின் கண்தான் அவருக்கும்.

"இருங்க மருமகன்," என்றார். "குசினிய இனி நீங்க எடுங்க. காய்ச்சுங்க, வாட்டுங்க, நாறினா நாறட்டும். ஊர்ட வாய்க்கு நான் பதில் சொல்றன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"ஒண்டு மட்டும் கேக்கணும். நீங்க அங்க என்னென்ன திண்டீங்க எண்டு எண்ட புள்ளைக்கு எல்லாம் தெரியும். டெலிபோனில நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே பாடம். அவ இஞ்ச என்ன திண்டா எண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்று யோசித்தேன். பதினொரு வருஷம், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அழைப்பு. நாசி லெமாக், செண்டோல், ரொஜாக், எந்தக் கடையில் எது நல்லது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்டிருக்கிறேன். 'என்ன சாப்பிட்டாய்' என்று கேட்டதாக ஒரு நாள்கூட நினைவில் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மனைவி பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"நான் இல்லாத நேரம் நீ என்ன திம்பாய்?"

அவள் திரும்பவில்லை. "சோறுதான்."

"சோத்துக்கு?"

"சம்பல். உம்மாவும் நானும் மட்டும், எவ்வளவு ஆணம் காய்ச்சுற? எங்களுக்கென்ன புள்ளையா குட்டியா. சட்டியோட ஒட்டிப்போயிரும்." கடைசி உடுப்பையும் கொடியில் போட்டு, கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "புதன்கிழம கிணத்தடியில நீங்க கதைச்சது கேட்டிச்சி. எப்ப பயணம் எண்டு சொல்லுங்க. கொச்சிக்காய் காய மூணு வெயில் வேணும், மறுகா வறுத்து இடிக்கணும்."

கோபமில்லை, அழுகையில்லை. நான் பயணம் போகும் ஒவ்வொரு தடவையும் கொச்சிக்காய்த் தூள் கட்டித் தருகிற அதே குரல். அதுதான் என்னை அடித்துப் போட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து முதலாளிக்குப் போன் எடுத்தேன். வரவில்லை என்றேன். அவர் ஏசினார், கேட்டுக்கொண்டேன். பிறகு மனைவியிடம் போய், "நான் போறல்ல" என்றேன். ஊரெல்லாம் சொன்ன அதே வார்த்தை. "ஓம்" என்றாள். சொல்லிவிட்டு முற்றத்தில் பாயை விரித்துக் கொச்சிக்காயைப் பரப்பினாள்.

மூன்று வெயிலும் காய்ந்தது. வறுத்தாள், இடித்தாள், மூன்று பொலித்தீன் பையில் போட்டு, விமானத்தில் கொட்டாதபடி டேப் சுற்றினாள்.

இது நடந்து ஏழு மாதம். குசினி இப்போது பாதி என்னுடையது. லக்சாவில் புளியைக் குறைத்த பிறகு மாமி அரைக் கோப்பை குடிக்கிறார். நோன்புக் காலத்தில் என் சவ்வரிசியைக் கேட்டு வீடுகளிலிருந்து கோப்பை வந்தது. கால் மட்டும் அடங்கவில்லை, இன்னும் சில நாட்களில் சம்மாந்துறை வரை போய்த் திரும்புகிறேன். திரும்பி வரும்போது மனைவி வாசலில் நிற்பாள், எதற்காகவோ வந்தவள் மாதிரி.

வீட்டில் தூள் முடிந்தால் அவள் கடையில் கால் கிலோ வாங்கி வருகிறாள். அலுமாரியில், என் பயணத்துக்கு அவள் கட்டின அந்தப் பொதி டேப் சுற்றினபடியே இருக்கிறது. அதை அவிழ்த்து ஆணத்தில் போடு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சொன்னால், அவள் முதலில் என் காலைத்தான் பார்ப்பாள்.