குலுக்கச் சொல்லாத மருந்து

என் மகளுக்கு மலைக்காய்ச்சல் கண்டபோது நாங்கள் கடமலைக்குண்டில் இருந்தோம். அந்தப் பக்கம் குளிர்காய்ச்சல் யாருக்கும் புதிதில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் கொயினா மருந்தை வாயில் வைத்ததுமே கசப்புத் தாங்காமல் அவள் துப்பிவிடுவாள். கசக்காத கொயினா தேனியில் ஒரு டாக்டரிடம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தார்.

அரைச் சீசா வெள்ளை மருந்து. எவ்வளவு கொடுப்பது என்பதற்குக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிச் சீசாவில் ஒட்டியிருந்தார்கள். வண்டியில் ஆடி ஆடி வந்ததால் சாய்த்ததும் மோர் போல ஓடியது. ஒரு வேளை கொடுத்துவிட்டு மாடத்தில் வைத்தேன். விடிந்து எடுத்துக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. தயிராக உறைந்து கிடந்தது.

"இறுகிப் போச்சு. வெந்நி ஊத்துனா இளகிரும்," என்றார் அவர்.

கூழ் இறுகினாலும் மாவு இறுகினாலும் எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம். சீசாவின் கழுத்துவரை வெந்நீர் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. புதுவெள்ளம் வரும் நாளில் ஆற்றுத்தண்ணீரைக் குடத்தில் தெளியவைத்து மேலாக மொண்டு குடிக்கிறவர்கள் நாங்கள். அவர் சீசாவை அலுங்காமல் சாய்த்துத் தெளிவை மட்டும் சங்கில் ஊற்றினார்.

"மருந்தும் ஆத்துத் தண்ணியும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"பச்சப்பிள்ளைக்கு வண்டலையா குடுக்கச் சொல்ற? போடி, எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது. தெளிவு தீரத்தீரக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

"சத்தெல்லாம் அடியிலதான் கெடக்கும் போல. அதையும் குடுத்துப் பாப்போம்," என்று சீசாவை அலசி, மிச்சம் அத்தனையையும் ஒரே வேளையில் புகட்டினார். நானும் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

காய்ச்சல் இறங்கியது. பிள்ளை காதைக் காதை அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையும் நின்றது. "ஆத்தா" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

காலிச் சீசாவோடு தேனிக்குப் போனேன். மருந்து கலக்கும் கம்பவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அது ஒரு மாதிரிக் களிமண்ணுல கலந்த மருந்தும்மா. சும்மா வச்சா இறுகும், குலுக்குனா இளகி ஓடும், திரும்ப வச்சா திரும்ப இறுகும். மருந்துத்தூளு அடியில இறங்கிறாமப் பிடிச்சு வைக்கத்தான் அந்தக் களிமண்ணு. தண்ணிய ஊத்தவும் பிடி விட்டுப்போச்சு. மொதல்ல வெறுந்தண்ணியக் குடுத்திருக்கீக. கடைசில அம்புட்டு கொயினாவையும் ஒரே வேளையா குடுத்திருக்கீக. கொயினா மிஞ்சுனா காதை அடிச்சிரும்."

"குலுக்கணும்னு அன்னைக்கே சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்திரும்?"

உள்ளேயிருந்து டாக்டர் சொன்னார்: "சீசாவுல எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். கடமலைக்குண்டில் அதைப் படிக்க யார் இருந்தார்கள், வண்டி மாடா? வீட்டுக்காரரைத் திட்டித் திட்டி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு எதையும் தெரியும் என்று சொன்னதில்லை. அந்த டாக்டர் மேல் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

அதற்குப் பிறகு யாருக்குச் சீசா கொடுத்தாலும் கம்பவுண்டர், "நல்லாக் குலுக்கிக் குடுங்க! தண்ணி ஊத்தாதீக!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். காதைக் காட்ட மகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. என் கையைப் பிடித்து நின்றவள் மட்டும், அந்த ஆள் எதற்கு அப்படி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்று என் முகத்தைப் பார்ப்பாள்.