முழு முகவரியோடு ஒரு புனைபெயர்

சென்ற ஞாயிறு காலை. கேட்டைத் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு முத்தையா அண்ணன் — ஸ்கூல் வேன் ஓட்டுபவர். ஒரு கையில் இந்தப் பத்திரிகை, மறு கையில் போன். முகத்தில் சிரிப்பு இல்லை.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் இந்தப் பத்தியைப் புனைபெயரில் எழுதுகிறேன். குண்டசாலையில் எங்கள் லேனில் என் மனைவி சாந்தியைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அந்தத் தைரியத்தில்தானே எழுதுவதே! விடியற்காலை ஐந்தரைக்கு ஓட்டை வேனை அரை மணி நேரம் உறுமவிட்டு ஊரையே எழுப்பும் 'அலாரம் அண்ணன்' இந்தப் பத்தியில் அடிக்கடி வருவாரே... அவர் வேறு யார்?

இதில் கொடுமை, முத்தையா அண்ணன் என் பரம ரசிகர். "தம்பி, இந்த வாரம் படிச்சீங்களா? பாவம், அந்த மனுசன் எப்பிடித்தான் அப்பிடி ஒரு வேன்காரனுக்குப் பக்கத்துல குடியிருக்காரோ!" என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பார். தன் வேன் ஓட்டை என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் பழைய பத்திகளைப் போட்டுவைக்க ஒரு வெப்சைட் தொடங்கும் ஆசை வந்தது. புனைபெயரிலேயே ஒரு டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான முகவரி, வாங்கினேன். உடனே ஒரு படிவம் — முழுப்பெயர், முகவரி, போன் நம்பர்.

படிவம் என்றால் எனக்கு ஒரு பக்தி. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக்கென்று இலக்கம் கிடையாது; கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். சொந்தமாக ஒரு வீட்டு இலக்கம் கிடைத்த நாளிலிருந்து, எந்தப் படிவத்தைக் கண்டாலும் இலக்கம், லேன், ஊர் என்று ஒன்றுவிடாமல் நிரப்பினால்தான் எனக்குத் திருப்தி.

கடைசியில் ஒரு கேள்வி. உங்கள் விவரங்களை எல்லோரும் பார்க்கலாமா, மறைத்துவிடவா? மறைப்பதற்குத் தனிக் கட்டணம்கூட இல்லை. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறைப்பதற்கு நான் என்ன கள்ளனா? 'பார்க்கலாம்' என்பதில் டிக் போட்டேன்.

"பேர ஒளிச்சி எழுதுற ஆளு பேசுற பேச்சா இது?" என்று சாந்தி இன்றுவரை கேட்கிறாள்.

மறுவாரமே முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்புகள் — 'சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தரவா?' அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? நானோ என் புகழ் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முத்தையா அண்ணனுக்கு இந்த எழுத்தாளரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும் என்று ஆசையாம். கம்ப்யூட்டர் படிக்கும் மகள், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிக் கொடுத்திருக்கிறாள். கேட் வாசலில் நின்றபடியே அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். என் முழுப்பெயர். என் நம்பர். என் வீட்டு இலக்கம்.

"தம்பி... இது நீங்க தானா?"

"ஆமாண்ணே."

"அப்ப அந்த வேன்காரன்...?"

அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி." அவ்வளவுதான். போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே விவரங்களை மறைத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் யார் யார் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்களோ, அதையெல்லாம் அழிக்க வழியில்லை. நீங்கள் டொமைன் வாங்கினால், வாங்கும்போதே மறைத்துவிடுங்கள். ரோஷம் எல்லாம் பிறகு.

திங்கள் காலை ஐந்தரை. உறுமல் சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தேன். முத்தையா அண்ணன் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வேனைத் தள்ளிக்கொண்டு போகிறார் — லேன் முனையில் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணுவதற்காக.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் கை கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா தம்பி. முன்னுக்குப் பள்ளம் இருக்கு."

அன்றிலிருந்து தினமும் தள்ளுகிறேன். புனைபெயரில் எழுதலாம்... வேன் தள்ள முடியாதே!