என் காருக்குப் புது ஸ்பிரிங்

போன வாரம் இதே இடத்தில், என் பழைய காருக்கு ஸ்பிரிங் மாற்றியதைப் பற்றி ஜம்பமாக எழுதியிருந்தேன் அல்லவா? அதில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்கப் போவதில்லை. சின்னத் திருத்தம் ஒன்று மட்டும் உண்டு.

என் மனைவி சரசுவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் ராயபுரத்திலிருந்து எண்ணூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். உடம்பு அதிகம் குலுங்கக் கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து ரோடுகளில் அது லேசான காரியமா? என் காரோ பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப்போடும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும்.

அதனால்தான் தண்டையார்பேட்டை காசிம் பாயிடம் விட்டேன். துறைமுக லாரிகளையே பார்த்துப் பழகிய கை. பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றினார். கூடுதலாக இரண்டு புதுப் பட்டைகள் சேர்த்தார். புது ஷாக் அப்சார்பர் போட்டார். பிறகு பின் ஸீட்டைக் கழற்றி, பக்கத்துக் கிடங்கிலிருந்து மூன்று அரிசி மூட்டைகளை ஏற்றி, என்னையும் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். அந்தப் பட்டறையில் எந்த வண்டியையும் அப்படித்தான் சோதிப்பார்கள். அடடா! பள்ளமெல்லாம் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருந்தது. வளைவில் துளிகூடச் சாயவில்லை.

சரசுவை அழைத்துப் போக அவளுடைய மூன்று அத்தைகள் வந்திருந்தார்கள். பாரம் குறைந்தால் இன்னும் சொகுசாகப் போகுமே என்பது என் கணக்கு. "நீங்க பஸ்ல வாங்க, வண்டி தாங்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டு, சரசுவைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

தண்டையார்பேட்டையைத் தொடுவதற்குள் ஒரு பள்ளம்... காரின் பின்பக்கம் துள்ளியது. சரசு ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவளுக்கு வலி எதுவும் இல்லை என்று நாலு தரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குப் போனோம்.

பாய் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"லோடு எங்க சார்?"

"என்ன லோடு?"

"மூணு மூட்ட வச்சித்தானே செட் பண்ணிக்கீறேன்? காலியா ஓட்டிகினு வந்தா தூக்கித்தான் அடிக்கும். அந்த ரெண்டு பட்டைய கயட்டணும். அர நாளு ஆவும். அவசரம்னா சொல்லு, மூட்டய ஏத்திவுடறேன்."

சரசு என்னை முறைத்தாள். "மூட்ட இன்னாத்துக்கு? பஸ் ஸ்டாப்புல மூணு அத்தைங்க நின்னுகினு கீறாங்களே!"

வண்டியைத் திருப்பினேன். நல்லவேளை, பஸ் வரவில்லை. முறுக்குக் கூடையோடு நின்றிருந்தார் பெரிய அத்தை.

"இன்னா மாப்ளே, வண்டி தாங்காதுன்னியே?"

"நீங்க ஏறினாத்தான் தாங்கும் அத்தை. தயவுசெஞ்சு ஏறுங்க!"

பின்னால் மூன்று அத்தைகள், முன்னால் சரசு. எண்ணூர் வரைக்கும் கார் ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. பாயின் கை பாயின் கைதான்! திருவொற்றியூர் தாண்டும்போது சரசு தூங்கிவிட்டாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

நேற்று காசிம் பாய் ஆள் அனுப்பியிருந்தார் — பட்டையைக் கழற்ற. வேண்டாம் என்றுவிட்டேன். குழந்தையோடு சரசு திரும்பும்போது மூன்று அத்தைகளும் கூடவே வருகிறார்களாம்... இன்னொரு தடவை பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?