கண்ட்ரோல் எக்ஸ், அப்புறம் ரெண்டு

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் திரையை இரண்டாகப் பிரித்த முதல் ஆள் நான்தான் என்று சொன்னால், என் டைப்பிங் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான்கு பேரும் டிகிரி முடித்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். சம்பளம் கொடுப்பது யார் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் இரண்டாவது ஆள். முதல் ஆள் என் சித்தி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. எட்டாவதில் கோட்டடித்துவிட்டு வேப்பந்தட்டையில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தேன். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. பெரம்பலூர் பக்கத்தில் ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேபில் தற்காலிக வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் லேபில் ஆளிருக்காது என்று என்னையும் பஸ்ஸில் கூட்டிப் போவாள்.

புரோகிராம் அடிக்க அவள் வைத்திருந்த எடிட்டரில் மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அவள் விரல் பட்டால் அது என்னென்னவோ செய்யும். கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, விட்டுவிட்டு, இரண்டைத் தட்டுவாள். திரை குறுக்கே பிளந்து மேல்பாதி, கீழ்பாதி என்று நிற்கும். மேலேயும் அதே எழுத்து, கீழேயும் அதே எழுத்து.

"ரெண்டாயிடுச்சா சித்தி?"

"ஆமாண்டி, ரெண்டு ஜன்னல். மேல தலையப் பாத்துக்கிட்டே கீழ வாலத் திருத்தலாம்."

ரெண்டு என்பது மட்டும் என் காதில் விழுந்தது. ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒன்று இரண்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். என் வயதில் வேறு எந்தப் பிள்ளை இருந்தாலும் அதைக்கூட எடுத்துக்கொண்டிருக்காது.

அந்தச் சமயத்தில் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேடினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளின் எடைச்சீட்டை வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதிக் காட்டச் சொல்லி, ஒரு ஆபீசர் சனிக்கிழமை பதினோரு மணிக்கு லேபுக்கே வருவதாக ஏற்பாடு. தாத்தா கறாராகச் சொல்லியிருந்தார்: "அந்த வேலை கெடச்சா போ. இல்லன்னா தை பொறந்ததும் துறையூர் மாப்பிள்ளதான்." துறையூர்க்காரர்கள் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்கள்.

ஆபீசரை அழைத்துவர சித்தி வாசலுக்குப் போனாள். "எதையும் தொடாத" என்றாள். அவள் எழுதி வைத்திருந்த லாரிப் புரோகிராமோடு திரை இரண்டாகப் பிரிந்தே இருந்தது. இரண்டு இருக்கிறதே, மேலே இருப்பது சித்திக்கு, கீழே இருப்பது உபரி என்று எனக்குப் பட்டது. கண்ட்ரோல் கே அழுத்தினால் வரி அழியும் என்று பார்த்து வைத்திருந்தேன். கீழ்பாதியின் உச்சிக்குப் போய் அழுத்தினேன், அழுத்தினேன், இடம் சுத்தமாகும் வரை அழுத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி என் பெயரை அடித்தேன்.

கீழே அடிக்க அடிக்க, மேலேயும் என் பெயர் தானாக விழுந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேல்பாதியிலும் ஒரு வரிகூட மிச்சமில்லை. கதவு திறந்தது.

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஏம்மா, இதுதான் புரோகிராமா? ஒரே பேரு ரெண்டு தடவ இருக்கு. நம்ம லாரியெல்லாம் எங்க போச்சு?"

சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பேரு ஒண்ணுதாங்க சார். கொல்லை ஒண்ணு, அதப் பாத்த ஜன்னல் ரெண்டு. எந்த ஜன்னல் வழியா கைய உட்டு மாட்ட அவுத்தாலும் கொல்லையில மாடு இருக்காதுல்லங்க" என்றாள். சொல்லிக்கொண்டே கண்ட்ரோலோடு அடிக்கோட்டை அழுத்தினாள். என் பெயர் மறைந்தது. அடுத்த அழுத்தலுக்கு ஒரு வரி வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. கடைசியாக அழிந்தது முதலில் வர, மேலும் கீழும் ஒரே நேரத்தில் புரோகிராம் முழுக்கத் திரும்பி வந்து நின்றது. மழை விட்ட மறுநாள் கொல்லையில் புல் முளைப்பது போல இருந்தது எனக்கு.

"போனதெல்லாம் வருமா?" என்றார் ஆபீசர். நாற்காலி தேடி அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"வருங்க சார். இதுக்கு நாமளே புதுசா வேலையும் சொல்லிக் குடுக்கலாம்." எஃப் ஐந்தைத் தட்டினாள். மேலே புரோகிராம் அப்படியே இருக்க, கீழ்பாதியில் லாரி நம்பரும் எடையும் வரிசையாக ஓடி வந்து நின்றன. அந்த ஒரே தட்டலில் இத்தனையும் நடக்கும்படி எடிட்டருக்கு அவளே எழுதி வைத்திருந்தாளாம். ஆபீசரும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. எழுந்தபோது, "திங்கக்கிழம அரியலூர் வந்துரும்மா" என்றார்.

என்னால்தான் வேலை கிடைத்தது என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். நான் அழிக்காவிட்டால் அந்த வித்தையை எப்படிக் காட்டியிருப்பாள்? சித்தி இதை மறுத்ததே இல்லை.

ஆபீசரை வழியனுப்பிவிட்டு வந்து சித்தி தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது.

"ஏசி ஜாஸ்தியா சித்தி?"

"ஆமா பாப்பா. கொஞ்சம் ஜாஸ்தி."

உடனே ஓடிப்போய் வெளியே இருந்த வாட்ச்மேனிடம் ஏசியை நிறுத்தச் சொன்னேன். அது ரிப்பேராகி ஒரு வாரமாச்சே என்றார். திரும்பி வந்து, அம்மா எனக்குப் பார்ப்பது போல, சித்தியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடும் இல்லை. குளிரும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் ஒரு மனுஷி எதற்கு இப்படி நடுங்குகிறாள் என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.