நான்கு பெரியவர்கள், இரண்டு அறைகள்

"அக்காவுக்குப் பதினேழு, தம்பிக்குப் பதினாறு." பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றபடி சித்தப்பா எங்கள் வயதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சத்தமாகப் பேசுகிறவர் அல்ல. ஆனால் அன்று சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கூச்சமே இல்லாமல் சொன்னார். அந்த இரண்டு எண்களால் தன் கையிலிருக்கும் விடுமுறைப் பணம் கரைந்துவிடும் என்பது அந்த நிமிடம் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

போன வாரம் பள்ளி விடுமுறைக்காக மலாக்காவில் அறை தேடிக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கைப்பேசி கேட்டது. மகளுக்குப் பதினாறு, மகனுக்குப் பதினான்கு என்று தட்டியதும் திரையில் இருந்த விலை இரண்டு மடங்கானது. போன வருடம் வரை ஒரே அறையில் எங்கள் காலடியில் சுருண்டு படுத்தவர்கள் ஹோட்டல்காரர்களுக்கு எப்போதோ பெரியவர்களாகிவிட்டார்கள், நான்தான் கவனிக்கவில்லை. எரிச்சல் வந்திருக்க வேண்டும். சித்தப்பாவின் நினைவுதான் வந்தது. எனக்காக முதன்முதலில் முழு விலை கொடுத்தவர் அவர்.

அப்பா லாரி ஓட்டினார். நாங்கள் ஈப்போவில் இருந்தோம். எனக்குப் பதினான்கு வயதில் நெஞ்சுவலியால் அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மா, தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். நாற்பத்தைந்து வயது வரை தனியாக இருந்த அவர், அப்பாவோடு நாங்கள் வாழ்ந்த வீட்டுக்கே குடிவந்தார். எங்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், வேலையிலிருந்து வரும்போதெல்லாம் கையில் ஏதாவது பலகாரம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும்படி அம்மா சொன்னார். நான் கூப்பிட்டேன். தம்பி மட்டும் "அங்கிள்" என்றான், அதுவும் தவிர்க்க முடியாதபோது மட்டும். அவன் அப்பாவின் பிள்ளை. லாரியின் முன் இருக்கையில் அவர் பக்கத்திலேயே வளர்ந்தவன்.

திருமணமான ஏழெட்டு மாதத்தில் ஒரு நாள், பினாங்குக்குப் போகலாம் என்றார் சித்தப்பா. அவருடைய சொந்த ஊரே அந்தத் தீவில் இருக்கும் பாலிக் புலாவ்தான். அங்கே அவருடைய அக்கா இருந்தார். ஆனால் வளர்ந்த இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு விதவையைத் தன் தம்பி கட்டிக்கொண்டதில் அந்த அக்காவுக்கு உடன்பாடில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அந்தப் பார்வையில் நாங்கள் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்துத்தான் சித்தப்பா டவுனில் ஹோட்டல் எடுத்தார். மூன்று நாளைக்கு, பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்திருந்தார். பிள்ளைகள் என்றால் பிள்ளைகள்தான், அதில் வயது பார்ப்பார்கள் என்பது பிள்ளை வளர்த்தறியாத அவருக்குத் தெரியவில்லை.

முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் மேசையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தயக்கம். தம்பி அப்போதே சித்தப்பாவைவிட உயரம், மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. வயதைக் கேட்டார், சித்தப்பா சொன்னார். பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு, ஒரு அறையில் மூன்று பெரியவர்களுக்கு மேல் தங்க முடியாது, இன்னொரு அறை எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் பணிவாக விளக்கினார். பதினெட்டு நிரம்பாதவர்களைத் தனியறையில் விடவும் முடியாதாம். ஆக ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். காலியாக இருந்த இரண்டாவது அறையோ வேறு மாடியில்.

அம்மா சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். தம்பி வெளியே நிற்கட்டும், நாம் மூன்று பேர் மட்டும் என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடலாம், பிறகு அவன் மெதுவாக லிஃப்டில் வந்துவிடுவான் என்று தமிழில் கிசுகிசுத்தார். அம்மாவுக்கு அது புதிய யோசனை இல்லை. அப்பா இருந்தவரை நாங்கள் அப்படித்தான் பயணம் செய்தோம். தியோமான், கேமரன் மலை, லுமுட் என்று எங்கே போனாலும் அப்பாவும் அம்மாவும்தான் ஹோட்டலுக்குள் நுழைவார்கள். நானும் தம்பியும் பின்படிக்கட்டில் காத்திருப்போம். நுழைவுச்சீட்டு வாங்கும் இடங்களில் முழங்காலை மடக்கி நடக்கச் சொல்லுவார் அப்பா. பல வருடம் எனக்கு ஒன்பது வயதுக்கு மேல் ஏறவே இல்லை. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அப்பா கண்ணடித்தால் சிரிப்பை அடக்க முடியாது.

சித்தப்பா அம்மா பக்கம் திரும்பி, "வேணாம்மா. என்கூட வர்ற பிள்ளைங்க ஒளிஞ்சு வர வேணாம். முன்னாலயே நடந்து வரட்டும்" என்றார்.

அதைக் கேட்டதும் தம்பியின் முகம் இறுகியதை நான் கவனித்தேன். அவர் யாரையும் குத்திப் பேசவில்லை, எங்கள் பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல் அப்பாவின் மேல் பட்டுவிட்டது போல எங்கள் இருவருக்கும் இருந்தது. சித்தப்பா அடையாள அட்டைகளை வாங்கி மேசைமேல் வைத்தார். "எம்பாட் டெவாசா" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே எழுதினார். நான்கு பெரியவர்கள். மூன்று நாளைக்கு என்றிருந்த ஹோட்டல் தங்கல், பணம் போதாமல் அங்கேயே ஒரு நாளாகச் சுருங்கியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. என் சரியான வயது ஒரு ஹோட்டலில் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணமாகி அவர்கள் இருவரும் சேர்ந்து வந்த முதல் பயணம் அது. ஆனால் அம்மா என்னோடு ஐந்தாவது மாடிக்குப் போனார். சித்தப்பா, தன்னோடு பேசாத ஒரு பையனோடு மூன்றாவது மாடியில் இறங்கினார். லிஃப்ட் கதவு மூடும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று மத்தியானம் பினாங்கில் நல்ல மழை. வெளியே போக முடியவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தம்பி ஏதாவது கோபமாகப் பேசிவிடுவானோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை விட்டதும் சித்தப்பாவும் தம்பியும் கீழே வந்தார்கள். என்ன நடந்தது என்று நான் கேட்டதற்குத் தம்பி, "ஒன்னும் இல்லலா" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை உணவும் பெரியவர் கணக்கில்தான். ஒரு சீட்டில் வாங்கி நான்காகப் பங்கிட்டுப் பழகிய நாங்கள், ஆளுக்கொரு தட்டோடு நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் வேண்டிய மட்டும் எடுத்தோம். அம்மா பழக்க தோஷத்தில் இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைக்கப் போனார். பிறகு தானே சிரித்துக்கொண்டு திரும்ப எடுத்துத் தட்டில் வைத்தார். சித்தப்பா அதிகம் சாப்பிடவில்லை. காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, இன்னும் இரண்டு நாள் விடுமுறை மிச்சமிருக்கிறது, ஈப்போவுக்குத் திரும்ப வேண்டாம், அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மாவின் முகம் மாறியது. சித்தப்பா ஹோட்டலின் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டார். நாங்கள் வருகிறோம் என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

பாலிக் புலாவுக்கு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. இரண்டு பக்கமும் டுரியான் மரங்கள், ஜாதிக்காய் மரங்கள். பாதையோரமாக இருந்த பலகை வீட்டின் முன்னால் சித்தப்பா காரை நிறுத்தினார். சத்தம் கேட்டு அவருடைய அக்கா வாசலுக்கு வந்தார். உயரமான, ஒல்லியான பெண்மணி. தலையில் எண்ணெய் வைத்து இறுகக் கட்டியிருந்தார். தன் தம்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பின்னால் நின்ற எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேருதான் வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "ரெண்டு பேருக்குத்தான் சமைச்சிருக்கேன்."

சித்தப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா குனிந்துகொண்டார். காருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது என் தம்பி இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி முன்னால் போனான்.

"நாங்க நாலு பேரு அத்தை" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைத் திருத்துவது போலச் சொன்னான். ஈப்போவில் பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் நாங்கள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். அத்தை என்பது எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா தங்கைகளுக்கு மட்டுமே உரிய சொல். சித்தப்பா அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் என் தம்பியையே பார்த்தார். பிறகு, "அப்படின்னா அரிசி இன்னும் போடணும். செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. அத்தை அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேச அடுத்த டுரியான் பருவம் வரை ஆனது. ஆனால் அதே தீவில், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தபோது, சனி ஞாயிறு ஹாஸ்டலில் இருக்கக்கூடாது என்று கட்டளை போட்டவர் அவர்தான். மூன்று வருடம் அவர் கையால் சாப்பிட்டேன். படிப்பு முடிந்து நான் இங்கேயே வேலை தேடிக்கொண்டதற்கும், இந்தத் தீவு என் ஊரானதற்கும் அந்த வீடுதான் காரணம். தம்பியின் வாயிலிருந்து அங்கிள் என்ற சொல் அந்தப் பயணத்துக்குப் பிறகு வரவில்லை. சித்தப்பா என்றுதான் கூப்பிட்டான். அதற்கு மேல் எதையும் அவர் எங்களிடம் எதிர்பார்க்கவில்லை. அப்பா என்ற சொல்லை எங்கள் அப்பாவுக்கே விட்டுவைத்தார்.

மலாக்கா அறை விலையைப் பற்றிப் புலம்பத்தான் போன வாரம் தம்பியைக் கூப்பிட்டேன். பேச்சு எங்கெங்கோ போய், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மழை மத்தியானத்தைப் பற்றி அவனே சொன்னான். அறைக்குள் போனதும் அவன்தான் சண்டையைத் தொடங்கியிருக்கிறான். எங்க அப்பா எங்கள ஒளிச்சு வச்சுத்தான் கூட்டிட்டுப் போவாரு, அதுக்காக அவரு ஒன்னும் கெட்டவரு இல்ல என்று கத்தியிருக்கிறான். சித்தப்பா பதறிப்போனாராம். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, எங்கெல்லாம் போனீர்கள், எப்படி ஒளிந்தீர்கள், சொல் என்று கேட்டாராம். அப்பா இறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, அழுகை வந்துவிடும் என்று. தம்பி பின்படிக்கட்டுக் கதைகளையெல்லாம் சொல்லியிருக்கிறான். முழங்காலை மடக்கி நடந்தும் காட்டியிருக்கிறான். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். கடைசியில், கையில் காசு இல்லாதபோதும் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்று நினைத்த மனிதர், எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை என்றாராம்.

நேற்று ஈப்போவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சித்தப்பாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல், காது கொஞ்சம் மந்தம். அன்றைக்குத் தம்பியிடம் அப்பாவைப் பற்றிக் கேட்க அவருக்கு எப்படித் தோன்றியது என்றேன். அவருக்கு என் கேள்வியே விசித்திரமாக இருந்தது போலிருக்கிறது.

"அவரப் பத்தி ஒன்னும் தெரியாம, அவரோட வீட்டுல நான் எப்படிம்மா இருக்கிறது?" என்றார்.