சேனை வைத்த கை

எம்.ரெட்டியபட்டி சங்கையா மகள் மாரிக்கனிக்குப் பெரியவர்களுக்கு ஊசி போடப் பிடிக்காது. கை நடுங்கும் என்பதால் அல்ல. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் சட்டைக் கையை மடக்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊரு, யாரு மக, எந்தத் தெரு. முதல் இரண்டும் ஒப்புக்கு. மூன்றாவதுதான் விஷயம். தெருவைச் சொன்னதும் சிலருக்கு முகம் சுண்டிவிடும், சிலர் வேறு நர்ஸ் இருக்கிறாளா என்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். உடம்பு காய்ச்சலில் கொதிக்கும்போதுகூட இந்த விசாரணை மட்டும் அவர்களுக்கு மறக்காது. குழந்தைகள் தெருவைக் கேட்பதில்லை. ஊசியைக் கண்டால் யார் என்ன என்று பார்க்காமல் கத்துகின்றன, அவ்வளவுதான். அதனால் படிக்கும்போதே குழந்தைகள் வார்டு என்றால் அவளுக்கு உயிர்.

நர்சிங் படிப்பை முடித்த கையோடு அவள் கண் வைத்தது மதுரையில் இருக்கும் ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி மேல். அங்கே அந்தந்த வருஷம் படித்து முடித்த நர்சுகளில் கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருஷம் பச்சைப்பிள்ளை வார்டில் கூடவே வைத்துப் பழக்கி, பிறகு அங்கேயே வேலையும் தருகிறார்கள். தென்மாவட்டம் முழுக்க விண்ணப்பம் போடும். மாரிக்கனியும் போட்டாள். எழுத்துப் பரீட்சையில் தேறினாள். பொம்மைக் குழந்தைக்கு மூச்சு வரவழைக்கும் பரீட்சையிலும் தேறினாள். மிச்சம் இருந்தது நேர்முகம் ஒன்றுதான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அருப்புக்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கேதான் மதன்குமாரின் மனைவி பிரசவத்துக்கு வந்தாள். மதன்குமார் அவளுடைய ஊர்க்காரன். ஊரில் பாதிப் பருத்திக்காடு அந்த வீட்டுக்குச் சொந்தம். சங்கையாவின் அப்பனும் ஆத்தாளும் அந்தக் காட்டில் பருத்தி எடுத்தே கிழடானவர்கள். சங்கையா இப்போது சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான், யார் காட்டுக்கும் போவதில்லை. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் தண்ணீர் கேட்க மாட்டான். கேட்டால் தனி டம்ளர் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளையை எடுத்தார்கள். தாய்க்கு மயக்கம் தெளியவில்லை. பிள்ளையைச் சூட்டு விளக்கின் கீழே கிடத்திவிட்டு மாரிக்கனி பக்கத்தில் நின்றாள். மதன்குமாரின் அக்கா செல்வலட்சுமி உள்ளே வந்தாள். பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்தவள், கழுத்து நிறைய நகையும் வாய் நிறையச் சிரிப்புமாக இருப்பாள். கையில் வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்தில் சீனித்தண்ணீர். பின்னாலேயே மதன்குமார் படம் பிடிக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

சேனை வைக்க வந்திருக்கிறார்கள் என்று மாரிக்கனிக்குப் பார்த்ததுமே புரிந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் ருசியாக இனிப்பைத் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு அப்படியே வரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். அதனால் யார் வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டைகூட நடக்கும்.

“அக்கா, தாய்ப்பாலத் தவிர இப்ப ஒண்ணும் குடுக்கக் கூடாதுக்கா. இதுக்கு இன்னும் சரியா முழுங்கத் தெரியல. பொரை ஏறிரும்” என்றாள்.

செல்வலட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். “படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கிருவோம்ப்பா” என்றாள். மாரிக்கனி அதை நம்பினாள். தாய்க்கு மருந்து பாட்டில் மாற்ற வேண்டியிருந்தது, பக்கத்து அறைக்குப் போனாள். மாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது பிள்ளை நீலமாகக் கிடந்தது. செல்வலட்சுமி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மதன்குமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாரிக்கனி அவர்களைத் திட்டக்கூட இல்லை. பிள்ளையை ஒருக்களித்துத் தொண்டையில் குழாயை விட்டு உறிஞ்சினாள், முதுகைத் தேய்த்தாள், ஆக்சிஜன் பிடித்தாள். ரொம்ப நேரம் என்று அவளுக்குத் தோன்றிய ஒரு நேரத்துக்குப் பிறகு அது வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்தில்தான் டாக்டரம்மா ஓடி வந்தாள். நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருக்கும், இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று உடனே ஆம்புலன்ஸ் வைத்து மதுரைக்கு அனுப்பினாள். மாரிக்கனி விண்ணப்பம் போட்டிருந்த அதே ஆஸ்பத்திரிக்கு.

பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று சேதி வந்த அன்று மாரிக்கனி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். பைத்தியக்காரப் பெண், அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்முகத்தில், அவசர நேரத்தில் நீங்களாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று கூடப் படித்தவள் சொல்லியிருந்தாள். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு டாக்டர்களும், பச்சைப்பிள்ளை வார்டின் தலைமை நர்ஸும் இருந்தார்கள். மாரிக்கனி யார் பெயரையும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். சேனை வைத்த உறவுக்காரரைக்கூடக் கோபமில்லாமல், அறியாமை என்று நாகரிகமாகச் சொன்னாள். பாதியிலேயே தலைமை நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அருப்புக்கோட்டையில இருந்து வந்த குழந்தையா? அது எங்ககிட்டதான் இருந்துச்சு.”

மாரிக்கனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் மேடம் என்றாள்.

“சீனித்தண்ணி குடுத்தது அங்க இருந்த நர்ஸ்தான்னு அத்தைக்காரங்க சொன்னாங்க. படிச்ச பொண்ணு, ஆசையா அதுவே வச்சிருச்சுன்னு. டாக்டர் வந்து உறிஞ்சி எடுத்ததாலதான் பிழைச்சதாம். ஊரும் பேரும் சொன்னாங்க. எம்.ரெட்டியபட்டி மாரிக்கனி. நீங்கதான அது?”

அந்த அம்மாள் கேட்டதில் விஷம் ஒன்றும் இல்லை. தனக்குச் சொன்னதை நம்பியிருந்தாள், அவ்வளவே. பெரிய ஆஸ்பத்திரியில் யார் கொடுத்தது என்று அதட்டிக் கேட்டதும், செல்வலட்சுமி கைக்கு எட்டிய பெயரைச் சொல்லிவிட்டாள். தட்டிக் கேட்க ஆள் இல்லாத பெயர் எது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாரிக்கனி இல்லை என்றாள். மருந்து மாற்றப் போயிருந்தேன் என்றாள். மூவரும் நம்பவில்லை. செய்யவில்லை என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு ஆதாரம்தான் இருந்தது. அதை அவள் நாலு வருஷப் படிப்பில் ஒரு தோழியிடம்கூடச் சொன்னதில்லை. ஹாஸ்டலில் எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்று சொல்லி ஒப்பேற்றியவள். இப்போது மூன்று அந்நியர்களுக்கு முன்னால் அதை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. காது மடல் எரிந்தது.

“மேடம், அந்த வீட்டுல எங்க ஆளுக கை பட்ட தண்ணியக் குடிக்க மாட்டாக. அவுக வீட்டுப் புள்ள நாக்குல என்னச் சேனை வைக்க விடுவாகளா?”

மூத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஜாதியெல்லாம் இங்க பேசாதம்மா. இங்க எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான்” என்றார். அருவருப்பான எதையோ அவள் மேசை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டதுபோல நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நியாயவான். அவரைப் போன்றவர்களுக்கு ஜாதியைக் கடைப்பிடிக்கிறவர்கள் மேல் வருவதைவிட, அதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் மேல்தான் கோபம் வரும்.

தலைமை நர்ஸ் நல்லவள். வராந்தா வரைக்கும் கூட வந்தாள். “தப்பு யாருக்கும் நடக்கும்மா. தெரியாம செஞ்சிட்டேன், கத்துக்கிட்டேன்னு சொல்லியிருந்தா நானே உனக்காகப் பேசியிருப்பேன். பழியத் தூக்கி அடுத்தவங்க மேல போட்ட பாரு, அதுதான் குழந்தைங்க வார்டுக்கு ஆகாது” என்று தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினாள். ஆக, பொய் சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

தேர்வானவர்கள் பட்டியல் இன்னும் வரவில்லை. மதன்குமார் ஒரு போன் போட்டு உண்மையைச் சொன்னால் போதும், பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன்தானே. இதை நம்பி சங்கையா அந்த வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. மதன்குமாருக்கு அவன் வயசில் பாதிதான் இருக்கும். நடை படியில் உட்கார்ந்தபடி போனைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“புள்ளதான் பொழச்சிருச்சே சங்கையா. யாரு வச்சா என்ன இப்ப?”

“எம்மக பொழப்புப் போகுதுய்யா. நீங்க பாத்தத மட்டும் சொன்னாப் போதும்.”

“எங்க அக்கா நாலு பேரு முன்னாடி தலைகுனியணுமாக்கும். அவுக வாழப்போன எடத்துல என்ன பேசுவாக? ஒம்மகன்னா சின்னப்புள்ள, தாங்கிக்கிருவா.”

சங்கையா திரும்பி வந்து வண்டிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியைக் கிளப்பவே இல்லை. வீட்டில் மகளிடம், தம்பி வெளியூர் போயிருக்கு, வந்ததும் பேசும் என்று சொன்னான். மகள் அப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிப்பா என்றாள். டாக்டரம்மாவிடமும் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு அந்த வீட்டுப் பிரசவங்களும் வேண்டும், பச்சைப்பிள்ளை அறைக்குள் உறவினர்களை விட்டது யார் என்ற பேச்சும் வரக்கூடாது. ஆறப்போடு, எல்லாம் தானாகச் சரியாகும் என்றாள். ஒரு வாரம் கழித்து அவளையே வேலையை விட்டு நிறுத்தினாள். பட்டியல் வந்தது. மாரிக்கனி பெயர் இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட எங்கோ போய் மறந்து தொலைத்திருக்கலாம். மதன்குமார் வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம் வந்தது. எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு மேல் பிளக்ஸ் வைத்தார்கள். நடுவில் ஒரு படம். வெள்ளிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு செல்வலட்சுமி சிரிக்கிறாள், அவளுடைய விரல் பிள்ளையின் வாயில் இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், ‘அத்தை சேனை வைத்த ஆசைச் செல்வமே வருக’. மதுரையில் நர்ஸ் வைத்த சேனை, ஊருக்குள் வந்ததும் அத்தை வைத்த சேனையாகிவிட்டது. பின்னே, சங்கையா மகள் கை பட்ட பிள்ளை என்று ஊரில் சொல்லிக்கொள்ளவா முடியும்? சேனை வைத்ததற்காக அக்காவுக்குத் தம்பி பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தான். அதையும் மைக்கில் சொன்னார்கள்.

மாரிக்கனி பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் அந்தப் பிளக்ஸைப் போனில் படம் எடுத்துத் தலைமை நர்ஸுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. மறுநாள் பதில் வந்தது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் பயிற்சி தொடங்கிவிட்டது, இடம் இல்லை என்று. அடுத்த வருஷம் போடலாமா மேடம் என்று கேட்டாள். இது அந்தந்த வருஷம் படித்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் அம்மா, உனக்குத் தெரியாதா என்று பதில் வந்தது. தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது திருச்சுழியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் இருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெரியவர்களுக்கு ஊசி. எந்த ஊரு, யாரு மக, எந்தத் தெரு. எப்போதாவதுதான் தடுப்பூசிக்குக் குழந்தை வரும்.

போன மாசம் ஒரு பையன் வந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் போடுகிற ஊசி. கொழுகொழுவென்று நல்ல ஆரோக்கியமாக இருந்தான். கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் அத்தைக்காரி செல்வலட்சுமி. மாரிக்கனியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நல்லாருக்கியாத்தா, அப்பா சௌக்கியமா என்று வாய் நிறைய விசாரித்தாள். அதில் உறுத்தல் என்பது மருந்துக்கும் இல்லை.

மாரிக்கனி பஞ்சை எடுக்கத் திரும்பியபோது பையன் எட்டி மருந்துத் தட்டைத் தட்டிவிட்டான். சீசாக்கள் தரையில் சிதறின. உள்ளேயிருந்து டாக்டர் யாரது என்று சத்தம் போட்டார். பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணைக் கொட்டாமல் மாரிக்கனியை நோக்கி விரலை நீட்டினான்.

“இந்த அக்காதான் தட்டுனா.”

பார்த்துச் செய்யக் கூடாதாம்மா, எத்தனை தடவை சொல்வது என்று டாக்டர் உள்ளிருந்தே எரிந்து விழுந்தார். செல்வலட்சுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பையனை இழுத்து அணைத்து முகவாயைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பொய்யக்கூட என்னமாச் சொல்றான் பாரு. நான் வச்ச சேனைல்ல?”

மாரிக்கனி சீசா பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “நீங்களாக்கா வச்சீங்க?” என்றாள்.

“பின்ன? ஊருக்கே தெரியுமே” என்றாள் செல்வலட்சுமி. நெஞ்சாரச் சொன்னாள். மதுரையில் சொன்னதை மறந்தே போயிருந்தாள்.

சேனையில் குணம் வரும் என்பதை மாரிக்கனி ஒருநாளும் நம்பியதில்லை. அன்றைக்கு அந்த நிமிஷம் நம்பினாள். வலிக்கிற மாதிரி ஊசி போடவும் அவளுக்குத் தெரியும். கையில் ஊசியோடு அந்தப் பையனின் தோளைப் பார்த்தபடி அவள் நின்ற நேரம் கொஞ்சம் கூடுதல்தான். பிறகு வழக்கம்போல், இறங்குவதே தெரியாமல் போட்டாள். பையன் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

“அழுகவே இல்ல பாத்தியா. அந்த நெஞ்சழுத்தமும் எங்கிட்ட இருந்துதான் வந்தது” என்றாள் செல்வலட்சுமி.

“ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு மாரிக்கனி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்து முக்காலியில் உட்கார்ந்து, எந்த ஊரும்மா என்று ஆரம்பித்தார்.