முதல் அரை மணி எதிராளிக்கு

பேராசிரியர் அருளப்பன் மறைந்த செய்தி, அவரைத் தூற்றிய காணொளி வந்த அதே வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதைப் பரப்பியவரே இதையும் பரப்பினார். இம்முறை கூப்பிய கைகளோடு.

மந்தைவெளி மண்டபம் ஒன்றில் மாதந்தோறும் அவர் நடத்திய தத்துவ விவாதங்களுக்கு வந்த நண்பர்களுக்கு அவருடைய ஒரே விதி நினைவிருக்கும். ஒரு வாதத்தை மறுக்க எழுபவர், முதல் அரை மணி அதை அதன் ஆதரவாளரைவிட வலுவாக எடுத்துரைக்க வேண்டும். "நோஞ்சானை அடிச்சுட்டு பயில்வான்னு சொல்லிக்காதீங்க" என்பார்.

மருத்துவமனையில் படுக்கை ஒன்றே இருந்தால், முதியவரை விலக்கி இளையவருக்குத் தருவதே நியாயம் என்னும் வாதத்தை ஒருமுறை அவரே எடுத்துக்கொண்டார்.

"உங்க வயசுல இதைப் பேசுறீங்களே, கேக்கவே கூசுது சார்" என்றார் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்.

"கூசட்டும். ஏன் தப்புன்னு சீக்கிரம் சொல்லுங்க. என் படுக்கை போயிடப்போவுது!"

அரங்கு சிரித்தது. அடுத்த அரை மணியில் அவரே அதை வீழ்த்தினார். எஞ்சிய ஆண்டுகளை எண்ணி உயிருக்கு மதிப்பிடத் தொடங்கினால், அந்தக் கத்தி முதியவரோடு நிற்காது. நாள்பட்ட நோயாளியிடமும் வரும் என்றார். கைதட்டினோம்.

காணொளியாகப் பரவியதோ முதல் அரை மணியின் ஒரு துண்டு மட்டும், இந்தத் தலைப்போடு: "முதியோரைச் சாகவிடச் சொல்லும் பேராசிரியர்." மண்டபச் செயலாளர் சாந்தோமில் அவர் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"இது என் கருத்து இல்லைன்னு ஒரு வரி போட்டுடுங்க சார். முடிஞ்சுது."

"யாரோட கருத்துன்னு தெரிஞ்சா கேள்வி தீந்துடுமா? மறுப்பையும் கேட்டவங்க அத்தனை பேர் இருக்காங்க. அவங்க சொல்லட்டும்."

நாம் சொல்லவில்லை. விவாதங்களுக்கு மண்டபம் மறுக்கப்பட்டது. அதன்பின் ஞாயிறு பூசையில் அவருக்குப் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை.

சென்ற வாரம் அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம். "சிந்தனைச் சுதந்திரத்தின் காவலர்" என்றார் அதே செயலாளர். மறுபடியும் கைதட்டினோம். இப்போது கூசுவது என் கைகள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த விதியை மட்டும்தான். அதன்படி நம் தரப்பை வலுவாகவே சொல்கிறேன்: நமக்குக் குடும்பம் உண்டு, கூச்சலிடுவோரிடம் காரணம் எடுபடாது, வாய் திறந்திருந்தால் நம் பெயரும் கெட்டிருக்கும், ஒரே வரியில் தன்னைக் காத்துக்கொள்ள மறுத்தவர் அவர்தான்.

இதைவிட வலுவாகச் சொல்ல நம்மில் எவராலும் முடியாது. இதை மறுக்க அவருக்கு அரை மணி தேவைப்பட்டிருக்காது.